ஃப்ரீசர் பாக்ஸ் அணி

எங்கள் வாலிபால் அணியின் சட்டையில் மார்புக்கு நேரே ஃப்ரீசர் பாக்ஸ் என்று எழுதியிருக்கும். முதுகில் ஒரு கைபேசி எண். எண்ணுக்கு மேலே அரைவட்டமாக, இருபத்துநாலு மணி நேரமும். கோட்டுக்கு வெளியே போகிற பந்தைத் துரத்திக்கொண்டு எவன் திரும்பி ஓடினாலும், அந்த எண் கூட்டத்தின் முன்னால் குலுங்கிக்கொண்டே ஓடும். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்கிற குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர்தான் எங்களுக்கு ஸ்பான்சர். செங்கல்பட்டில் கடை. மஞ்சள் சட்டை, கறுப்பு எழுத்து. நிறம் நாங்கள் கேட்டது. எழுத்து அவர் கேட்டது.

போகிற ஊரிலெல்லாம் இதற்கென்று ஒரு வரவேற்பு உண்டு.

"டேய், பொட்டி வந்துட்ச்சுடா! யாரு வூட்லடா?"

"மச்சான், பாத்து ஆடு. தோத்தா உள்ள வெச்சு பிளக்கு சொருவிடுவானுங்க."

எங்கள் ஆட்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. "உனுக்கு டிஸ்கவுண்டு கீது, வா நைனா" என்பார்கள். சிரிப்பு பறக்கும். அந்தச் சிரிப்புக்கு அடியில் எதிரணிக்காரன் ஒருவன் எங்களோடு கை குலுக்கிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் அந்த அணியின் மேனேஜர். பேர்தான் பெரிசு. பந்துக்குக் காற்றடிப்பது, வலைக்கு முடிச்சுப் போடுவது, தண்ணீர் கேன் தூக்குவது, போட்டிகளுக்குப் பேர் கொடுப்பது. முட்டி போய் கோர்ட்டைவிட்டு வெளியே வந்தவன், அதற்குமேல் தூரம் போக மனசு வராமல் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வேலை, வீடு, மின்சார ரயில் என்று ஆறு நாள் ஓடும். ஏழாம் நாள் பந்து ஒன்று மேலே போய், ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியின் நிழலில்தான் வாரம் முழுவதும் இளைப்பாறுகிறேன்.

ஸ்பான்சரிடம் முதன்முதலாகப் போய் நின்றபோது, எங்களுக்கு ஏன் சட்டை எடுத்துத் தர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"கார்டு அடிச்சு குடுத்தா எவனும் வூட்ல வெக்க மாட்டான், மேனேஜரே. ஆகாதுன்னு வெளியவே கிழிச்சு போட்டுட்டு போவான். போன்ல என் நம்பர் இருந்தாலும் காரியம் முடிஞ்ச அன்னிக்கே அழிச்சுடுவான். அடுத்த தபா ராத்திரியில ஓடியாந்து தெருவுல நின்னுகினு, பொட்டிக்கு யார கேக்கறதுன்னு கேப்பான். உங்க முதுவுல இருந்தா அத கிழிக்க முடியாது பாரு. மனசுல நிக்கும்."

அப்படித்தான் நாங்கள் அவருடைய கார்டு ஆனோம். சட்டையோடு நிற்கவில்லை. முட்டை, வாழைப்பழம், வலை கிழிந்தால் வலை. வெளியூர் ஆட்டத்துக்குப் போக அவருடைய குட்டியானை வண்டி. பெட்டி வைக்கிற இடத்தில் நாங்கள் உட்காருவோம். சாவுச் சேதி வந்துவிட்டால் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடும். கோபித்துக்கொள்ள முடியாது. எங்களைவிடக் காத்திருக்க முடியாத ஒருவர் அங்கே இருப்பார்.

ஒரு ஆட்டத்துக்குக்கூட அவர் வந்ததில்லை. "நான் வந்து நின்னா நாலு பேரு, யாருக்கு இன்னா ஆச்சுன்னு கேப்பான். உங்க ஆட்டம் கெட்டுடும்." ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டார். மைக்கில் எங்கள் அணியைக் கூப்பிடும்போது நான் அவருக்குப் போன் போட்டு, கையை உயர்த்தி ஒலிபெருக்கிப் பக்கமாகப் பிடிக்க வேண்டும். 'ஃப்ரீசர் பாக்ஸ் அணி, உடனடியாக கோர்ட்டுக்கு வரவும்' என்று மைக் அலறும். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் பேசமாட்டார். கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெம்மேலியைத் தாண்டி, ஈ.சி.ஆர். ஓரத்து ஊர் ஒன்றில் போட்டி. சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் கோர்ட். காலை ஆட்டங்கள் தோப்புக்குள்ளே, யாரும் பார்க்காத ஓரத்தில் நடந்தன. எல்லாவற்றையும் ஜெயித்தோம். சாயங்காலம் மேடைக்கு எதிரே, மெயின் கோர்ட்டில் ஃபைனல்.

எங்கள் அட்டாக்கர் மத்தியானத்திலிருந்து ஒரு வாய் சோறு இறக்கவில்லை. வலைக்கு மேலே எழும்பி அடிக்கிறவன் அவன்தான். கேளம்பாக்கம் பக்கத்து ஐ.டி. ஆபீஸ் ஒன்றுக்கு ஷிப்டு வேன் ஓட்டுகிறான். கல்யாணமாகி, கையில் குழந்தை. விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு எடுக்கிற வயது அந்த வருஷத்தோடு அவனுக்கு முடிகிறது. அரசுத் துறை அணி ஒன்றின் கோச் ஃபைனல் பார்க்க வருகிறார், பிடித்தவர்களை டிரையலுக்குக் கூப்பிடுவார் என்று போன வாரமே காதில் விழுந்திருந்தது. மேடையின் ஓரத்தில், தொப்பியோடு, அவர் வந்து உட்கார்ந்தும்விட்டார். அட்டாக்கர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாத அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருடைய ஒவ்வொரு அசைவும் அவனுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது என்று.

அப்போதுதான் கமிட்டிக்காரர் ஒருவர் நெஞ்சில் பேட்ஜோடு, கையில் பிளாஸ்டிக் மூட்டையோடு வந்தார். உள்ளே புதுச் சட்டைகள். மயில்கழுத்து நிறம். போட்டியை நடத்துகிற, பக்கத்தில் பிளாட் போட்டு விற்கிற முதலாளியின் மனைப்பிரிவுப் பேர் மார்பில் பளபளத்தது.

"அண்ணாத்த, பசங்கள இத மாத்திக்க சொல்லு."

"எதுக்குங்க? எங்களுக்குச் சட்டை இருக்கே."

"கீது, கீது. அதான் பேஜாரே." குரலைத் தாழ்த்தினார். "மொதலாளியோட அம்மா மேடையில ஒக்காந்துகினு கீறாங்க. வயசு எம்பத்தஞ்சுக்கு மேல. போன மாசம் தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தாங்க. அவங்க கையால தான் கப்பு. நீங்க ஏழு பேரு நெஞ்சுல பொட்டின்னு எழுதினு வரிசையா போய் அவங்க எதிர நிப்பீங்களா? உங்க அம்மாவா இருந்தா நிப்பியா, சொல்லு."

அவர் அடாவடியாகப் பேசியிருந்தால் நானும் அடாவடியாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

"மாத்தலன்னா?"

"மூணாவது டீம் ரெடியா கீது. அவனுங்கள எறக்கிடுவோம். தப்பா நெனைக்காத."

மூட்டையை மணலில் வைத்துவிட்டுப் போனார். ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். கடல்காற்று ஏறிக்கொண்டிருந்தது, மூட்டையின் வாய் தானாகத் திறந்து மூடியது, திறந்து மூடியது. ஒருவன் அதைக் காலால் தள்ளினான். இன்னொருவன், "காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வந்தது ஆடாமயே வாக்ஓவர் குடுக்கறதுக்கா?" என்றான். அட்டாக்கர் மூட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஸ்பான்சருக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் ஒப்பாரி. நடந்துகொண்டே பேசினார், அழுகை தேய்ந்து எங்கேயோ ஒரு தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ஏழு தலைகளும் போனுக்கு மேல் கவிழ்ந்திருந்தன.

"கழட்டாத, மேனேஜரே."

"அண்ணா, கழட்டலன்னா ஃபைனல் இல்ல."

"கழட்டாத. நான் போற வூட்ல எல்லாம் பக்கத்து சந்து வழியா தான் உள்ள போறேன். பொட்டிய வெச்சதும் அது மேல இருக்கற என் பேர மாலைய போட்டு மூடிடறான். டப்பு குடுக்கும்போது மூஞ்ச பாக்க மாட்டான். கோச்சுக்கல நான். அந்த நேரம் அப்டி. ஆனா வெளையாட்ற எடத்துல கூடவா மூடுவீங்க?"

அட்டாக்கர் என் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அண்ணாத்த, நான் தான்."

"யாரு, அடிக்கறவனா?"

"ஆமா. எனுக்கு இந்த வருஷத்தோட வயசு முடியுது அண்ணாத்த. அந்த கோச்சு வந்து ஒக்காந்துகினு கீறாரு."

அந்தப் பக்கம் மோட்டார் மட்டும் ஓடியது. யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும், ஒப்பாரி மறுபடி உரக்கக் கேட்டது.

"நீ கழட்டிக்க," என்றார் கடைசியில். "நீ மட்டும். மத்தவன் எவனும் தொட கூடாது. சொல்ட்டேன்."

வைத்துவிட்டார்.

ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர் கொடுத்த அனுமதி அது. ஆறு பேரும் ஒரே சட்டையில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பெரிய மனசு பண்ணித்தான் கொடுத்தார். கொடுத்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இருந்தாலும் ரெஃப்ரியிடம் போய்க் கேட்டேன். உயரமான ஸ்டாண்டில் ஏற ஒரு காலை வைத்தபடி சிரித்தார்.

"அடிக்கறவனுக்கு தனி சட்டையா? கல்யாண மாப்ளையா அவன்? வேற கலர் போடணும்னா லிபரோ தான் போடணும். லிபரோ அடிக்க கூடாது. உங்களுக்கு தெரியாததா?"

தெரியும். பின்வரிசையில் மட்டும் நின்று, எதிரி அடிப்பதைத் தரையில் விழாமல் தூக்கிக் கொடுப்பவன் லிபரோ. அவன் வலைக்கு மேலே அடிக்கக் கூடாது. அவன் உள்ளே வருவதும் போவதும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவனுக்கு வேறு நிறம்.

திரும்பி வந்தபோது மூன்று பேர் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். மறுபடி போன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை. எடுக்கவில்லை. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

"போடுங்க," என்றேன்.

ஆறு பேர் மயில்கழுத்து ஆனார்கள். எங்கள் லிபரோ மட்டும் அசையவில்லை. ஆள் குள்ளம். பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு எதிரே நின்று நின்று முன்னங்கை இரண்டும் சிவந்து காய்த்திருக்கும். அவன் கோபித்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் கோபமில்லை.

"நான் மாத்த மாட்டேன்."

கமிட்டிக்காரர் ஓடிவந்தார். "இன்னாப்பா இது, ஒருத்தன் மட்டும்?"

"நான் லிபரோ. எனுக்கு வேற கலர் வோணும். உன் மூட்டையில வேற கலர் கீதா?"

கமிட்டிக்காரர் மூட்டையைக் கவிழ்த்துத் தேடினார். எல்லாம் மயில்கழுத்து. சட்டை அடிக்கக் கொடுத்தவருக்கு வாலிபாலில் இப்படி ஒருவன் இருப்பான் என்பதே தெரிந்திருக்கவில்லை. தோப்பில் சுள்ளி பொறுக்குகிறவர் மாதிரி மணலில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டே இருந்தார். ஸ்டாண்டின் மேலிருந்து ரெஃப்ரி விசில் ஊதினார். "டைம் ஆவுது. மஞ்ச சட்ட ஓகே. வா."

மைக் மனைப்பிரிவின் பேரைச் சொல்லி எங்களைக் கூப்பிட்டது. போன் என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. எதைத் தூக்கிப் பிடிப்பது?

முதல் செட் பாழ். எங்கள் ஆட்கள் கடலோரத்துக்காரர்கள் இல்லை. சாயங்காலக் கடல்காற்றில் பந்து எங்கே வளையும் என்று அவர்களுடைய உடம்புக்குத் தெரியாது. அட்டாக்கர் எழும்பி அடித்த முதல் பந்து கோட்டுக்கு வெளியே. அடுத்தது வலையில். மேடை ஓரத்தில் கோச் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பந்து முடிந்ததும் அட்டாக்கர் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டான், புண்ணைப் பார்ப்பதுபோல.

லிபரோ உள்ளே வந்தான், வெளியே போனான். பச்சையும் நீலமுமாக ஐந்து பேருக்கு நடுவில் ஒரே மஞ்சள். கூட்டத்துக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

"பொட்டி உள்ள போவுது டோய்!"

"பொட்டி வெளிய வருது டோய்!"

இரண்டாவது செட்டுக்கு இடம் மாறும்போது லிபரோ அட்டாக்கரின் தோளைப் பிடித்து நிறுத்தினான். "எம்மாம் பெரிய சர்வீஸ் வந்தாலும் நான் தூக்கி குடுத்துடறேன். நீ சும்மா சும்மா குனிஞ்சு சட்டைய பாக்காத. அடி."

தூக்கிக் கொடுத்தான். இரண்டு கைகளையும் பிணைத்து, மணலில் முட்டி தேய, மார்பு தேய. மார்பிலிருந்த எழுத்தில் மணல் அப்பிக்கொண்டது. எதிரணி அடித்துச் சிதறவிட்ட பந்தெல்லாம் அவன் கையில் பட்டதும் அமைதியாகி, அடிக்கத் தோதாக எழுப்பிக் கொடுக்கிற செட்டரின் தலைக்கு மேலே வந்து இறங்கியது. அட்டாக்கர் எழும்பினான். இந்த முறை குனியவில்லை. பந்து எதிர்க்கோர்ட்டின் நடுவில் விழுந்து, மணல் ஒரு கைப்பிடி மேலே தெறித்தது. இன்னொன்று. இன்னொன்று. கோச்சின் போன் எப்போது பைக்குள் போனது என்று நான் பார்க்கவில்லை. அடுத்து நான் பார்த்தபோது அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கூட்டத்தின் கூச்சல் மாறியிருந்தது. "பொட்டி, விடாத! பொட்டி, விடாத!"

அந்த செட் எங்களுக்கு. மூன்றாவது செட்டில், கடைசி ஓரிரு புள்ளிகளில் தோற்றோம். காற்று ஒரு பந்தை வாங்கிக்கொண்டது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கோச் விரலை மடக்கி அட்டாக்கரைக் கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் பேசினார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்து, "பொதன்கெழம டிரையல்" என்றான்.

இரண்டாம் பரிசு வாங்க வரிசையாக மேடை ஏறினோம். லிபரோவைப் பின்னால் தள்ளிவிடக் கமிட்டிக்காரர் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. "அந்த மஞ்ச சட்ட பையன் எங்க? அவன் தான நல்லா ஆடனான்? வா இங்க." கண்ணாடியை ஏற்றிவிட்டு அவன் மார்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். கமிட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா அவனைத் திருப்பி முதுகையும் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், நம்பர் போட்டிருக்குது பாரு. குறிச்சுக்கோ. உனுக்கு கடேசி நேரத்துல எதுவும் கெடைக்காது, ஓடிகினு இருப்ப" என்றார். மேடையே சிரித்தது. பிளாட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் தோளில் கையை வைத்தபடி நின்றார்.

மறுநாள் காலையில் லிபரோ, அட்டாக்கர், நான், மூன்று பேரும் செங்கல்பட்டுக் கடைக்குப் போனோம். அவர் பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ எடுத்த ஃபைனல் வீடியோ அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. லிபரோவையும் என்னையும் உட்காரச் சொன்னார். அட்டாக்கரைச் சொல்லவில்லை. ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.

அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன், கொஞ்சம் இளகட்டும் என்று. அவர் சிரிக்கவில்லை. "நல்லா இருக்கட்டும்" என்றார்.

பிறகு தன் போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார். மஞ்சளை மட்டும் விரலால் தொடர்ந்தார்.

"இவன் ஏன் அடிக்கவே மாட்டேங்கறான்?"

"அடிக்கக் கூடாதுண்ணா. ரூல்."

"பின்ன எதுக்கு நிக்கறான்?"

"கீழ விழாம பாத்துக்க."

அவர் இன்னொரு தடவை ஓடவிட்டார். அட்டாக்கர் எழும்பி அடிக்கிற இடம் வந்தது. மயில்கழுத்துச் சட்டை வெயிலில் மின்னியது. அங்கே நிறுத்தினார்.

"துணி நல்லா கீது," என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

அட்டாக்கர் கையைப் பிசைந்தான். "அண்ணாத்த, நீ சொன்னத மீறிட்டோம்."

"டிரையலு என்னிக்கு?"

"பொதன்கெழம."

"அங்க எத போட்டுகினு போவ?"

வெளியே ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

"அங்க எந்த பேரும் இருக்க கூடாதாம். வெறும் வெள்ள பனியன். நெஞ்சுல ஒரு நம்பர் சீட்டு குத்துவாங்களாம்."

"அந்த பிளாட்காரன் பேரு?"

"கூடாது."

"என் பேரு?"

"கூடாது அண்ணாத்த."

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். துணியை உதறி, மடித்து, மறுபடி பிரித்தார். பெட்டியின் கண்ணாடியில் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"பனியன் நான் எடுத்து தரேன்," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. "ஒண்ணும் எழுத மாட்டேன்."

அட்டாக்கர் அப்போதுதான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.